மூன்று கார்டு இசை – கடிதம்

அன்புள்ள ஐயா,

கன்ட்ரி பாடகர் ஹேங்க் வில்லியம்ஸ் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பை வாசித்ததிலிருந்து அவரைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதே குறிப்பில் லீட்ஸ் நகரத்து பங்க் குழு ஒன்றையும் பாராட்டியிருந்தீர்கள். அதுதான் எனக்குக் குழப்பமாக இருக்கிறது. அமெரிக்கக் கிராமப்புறத்து இசையான கன்ட்ரி, தேவாலயம், குடும்பம், கொடி என்று பழமையைப் போற்றுவது. முரட்டு ராக் இசையான பங்க் அவற்றின் மீது காறி உமிழ்வது. இரண்டையும் ஒருவரே எப்படி நேசிக்க முடியும்? இரண்டிலும் மூன்று கார்டுகளுக்கு (chord, சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) மேல் இல்லை, எவரும் செய்துவிடக்கூடிய எளிய இசை. ஆனாலும் ஏன் இவை பழையதாகாமல் நிற்கின்றன? உண்மையாக அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர்கள் பாடியதால்தானா? இது வெள்ளையர்களின் இசை, நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எங்கிருந்து தொடங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த வேளையில், 1968ஆம் ஆண்டு ஜனவரி 13 அன்று கலிஃபோர்னியாவின் ஃபால்சம் சிறைக்குள் கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் நடத்திய கச்சேரியின் பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பதிவைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துத் தள்ளிப்போட்டு வந்திருக்கிறேன். 'எவரும் செய்துவிடக்கூடிய' என்று நீங்கள் போகிறபோக்கில் எழுதிய சொற்கள் இனியும் தள்ளிப்போட விடவில்லை.

கொடியையும் தேவாலயத்தையும் பற்றிய கேள்வியில் நான் அதிகம் நிற்கப்போவதில்லை. கருத்தடை மாத்திரை கிடைத்த பெண்ணின் நிம்மதியைப் பாடகி லொரெட்டா லின் 1975இல் பாடியபோது பல கன்ட்ரி வானொலி நிலையங்கள் அந்தப் பாட்டை ஒலிபரப்ப மறுத்தன. பாடியவரும் கன்ட்ரிதான், மறுத்தவர்களும் கன்ட்ரிதான். இதில் எது கன்ட்ரியின் இயல்பு என்று தீர்ப்பு வழங்குவதற்கு முன்னால் இரண்டையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். பங்க் பிறந்த இடம் என்று எல்லோரும் சொல்லும் நியூயார்க்கின் சிபிஜிபி (CBGB) என்ற இசை விடுதியை ஹில்லி கிறிஸ்டல் 1973இன் இறுதியில் திறந்தபோது கன்ட்ரி, புளூகிராஸ், புளூஸ் ஆகியவற்றின் முதலெழுத்துகளைக் கொண்டுதான் அதற்குப் பெயர் வைத்தார். அவர் எதிர்பார்த்த பாடகர்களுக்குப் பதிலாக ரமோன்ஸ் என்ற பங்க் குழுவினர் வந்து சேர்ந்தார்கள், அவரும் கதவை மூடவில்லை. 1978 ஜனவரியில் இங்கிலாந்தின் பங்க் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸ் அமெரிக்கத் தெற்கில் சுற்றியபோது டல்லஸிலும் டல்சாவிலும் அவர்கள் ஏறி நின்றவை, கன்ட்ரியின் பெருங்கலைஞர் பாப் வில்ஸின் பெயரோடு சேர்த்தே சொல்லப்படும் நடனக் கூடங்களின் மேடைகள். ஒரே மேடைப் பலகையில் நின்றவர்களை எதிரெதிர் முகாம்களாக நீங்கள் பிரிக்க வேண்டிய அவசியம் என்ன?

வெள்ளையர் இசை என்ற பேச்சுக்கு உங்கள் நண்பர்களிடம் சில பெயர்களை மட்டும் சொல்லுங்கள். ஹேங்க் வில்லியம்ஸுக்குச் சிறுவயதில் கிட்டார் கற்றுத் தந்தவர் ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்பினத் தெருப்பாடகர். கன்ட்ரியின் தொடக்ககாலக் குழுவான கார்ட்டர் குடும்பத்தின் ஏ.பி. கார்ட்டர் மலைக் கிராமங்களில் பாட்டுச் சேகரிக்கப் போனபோது மெட்டுகளைத் தம் நினைவில் ஏற்றிக்கொண்டு திரும்பியவர் லெஸ்லி ரிடில், அவரும் கறுப்பினத்தவர். கன்ட்ரியில் ஒலிக்கும் தந்திக் கருவியான பாஞ்சோவின் வேர் ஆப்பிரிக்காவில் இருக்கிறது. ஒன்றாகப் புழங்கிய இந்த இசையை நிறம் பார்த்து இரண்டு விற்பனைப் பட்டியல்களாகப் பிரித்தது 1920களின் இசைத்தட்டு வணிகம். பங்க் பக்கம் வந்தால், எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் குழுவின் பாடகி பாலி ஸ்டைரீன் சோமாலியத் தந்தைக்குப் பிறந்தவர். த கிளாஷ் என்ற பங்க் குழு 1982இல் வெளியிட்ட பாட்டொன்றின் கிட்டார் இழையை எடுத்துத்தான் ஈழத்தமிழ்ப் பெண்ணான எம்.ஐ.ஏ. 2007இல் உலகம் முழுவதும் ஒலித்த தம் பாட்டைக் கட்டினார். நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம்.

'உண்மையாக வாழ்ந்தவர்கள்' என்ற உங்கள் வாக்கியம்தான் என்னைக் கோபப்படுத்தியது. இந்தப் பழக்கத்தை இந்த வயதிலேயே விட்டுவிடுங்கள். ஜானி கேஷ் சிறைத்தண்டனை அனுபவித்தவர் அல்லர். சில இரவுகள் காவல் நிலையக் கொட்டடியில் கழித்தார், அவ்வளவுதான். ரமோன்ஸ் குழுவில் ஒருவருக்கும் பிறப்பால் ரமோன் என்ற பெயர் கிடையாது. தெருவின் குரல் என்று கொண்டாடப்பட்ட, த கிளாஷின் பாடகர் ஜோ ஸ்டிரம்மர் பிரிட்டிஷ் வெளியுறவுத் துறை அலுவலர் ஒருவரின் மகன், பிறந்த ஊர் அங்காரா. கன்ட்ரியின் முன்னோடிப் பாடகர் ஜிம்மி ராஜர்ஸ் உண்மையிலேயே ரயில்வே தொழிலாளியாக இருந்தவர். ஆனால் அந்தத் தொழிலாளியின் சீருடையை அவர் மீண்டும் அணிந்தது புகைப்படத்துக்காகவும் கேமராவுக்காகவும். வேடம் போடாத கன்ட்ரியும் இல்லை, வேடம் போடாத பங்க்கும் இல்லை. பாடுபவரின் வாழ்க்கைச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுப் பாட்டைக் கேட்பது ரசனை ஆகாது, அது விசாரணை. பாட்டில் சொல்லப்பட்ட பொருள் அதன் சரியான பெயரோடு, சரியான இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். லொரெட்டா லின் 1970இல் தம் கென்டக்கிக் குழந்தைப் பருவத்தைப் பாடும்போது வறுமை என்ற பெருஞ்சொல்லை நம்பி நிற்பதில்லை. சலவைப் பலகையில் தேய்ந்து இரத்தம் கசியும் தாயின் விரல்களைக் காட்டிவிட்டுப் போகிறார்.

இப்போது அந்த மூன்று கார்டுகளுக்கு வருகிறேன். நீங்கள் அதை ஒரு குறையாகவோ, குறைந்தபட்சம் சலுகையாகவோ சொல்லியிருக்கிறீர்கள். 1927 ஆகஸ்டில் டென்னசி எல்லையிலுள்ள பிரிஸ்டல் ஊரில், விக்டர் இசைத்தட்டு நிறுவனத்துக்காக ரால்ஃப் பியர் வைத்திருந்த ஒலிவாங்கியின் முன்னால் கார்ட்டர் குடும்பத்தின் மேபல் கார்ட்டர் என்ற 18 வயதுப் பெண் நிறைமாதத்தை நெருங்கிய கர்ப்பத்தோடு கிட்டாரை மடியில் வைத்து உட்கார்ந்தார். அவர் கையைக் கவனியுங்கள். கட்டைவிரல் தடித்த தந்திகளில் மெட்டை எடுத்துச் செல்கிறது. அதே நேரத்தில் சுட்டுவிரல் மெல்லிய தந்திகளை மேலும் கீழும் தடவித் தாளத்தையும் கார்டையும் நிறைக்கிறது. பாட்டுக்குப் பின்னால் ஒதுங்கி நின்ற கிட்டார் அந்தக் கட்டைவிரலால்தான் முன்னால் வந்தது. கார்டுகள் மூன்றுதான். நீங்கள் ஒரு மாதம் முயன்று பார்த்துவிட்டு அது எளிதா என்று எனக்குச் சொல்லுங்கள். 1976இல் வந்த ரமோன்ஸின் முதல் இசைத்தட்டில் 14 பாடல்கள் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகின்றன. அத்தனையிலும் ஜானி ரமோனின் வலக்கை கிட்டத்தட்ட மேலிருந்து கீழாக மட்டுமே அடித்துக்கொண்டு போகிறது, எழும்பும்போது தந்தியைத் தொடுவதில்லை. ஒவ்வொரு அடிக்கும் ஒரே எடை கிடைப்பது அதனால்தான். அந்த வேகத்தில் ஒரு பாட்டை முடிப்பதற்குள் பழகாத மணிக்கட்டு மரத்துப்போய்விடும்.

ஆகவே எவரும் தொடங்கலாம் என்பது வேறு, எவரும் செய்துவிடலாம் என்பது வேறு. முதலாவது உண்மை, அதை நான் எந்தச் சபையிலும் சொல்வேன். இரண்டாவது, கேட்காதவர்கள் சொல்வது. அந்த மூன்று கார்டுகள் பழைய வீடுகளின் திண்ணை போன்றவை. வழிப்போக்கர் யாரும் அனுமதி கேட்காமல் வந்து உட்காரலாம். அடுத்து எந்தக் கார்டு வரப்போகிறது என்று கேட்பவருக்கு முன்பே தெரிந்துவிடுவதால் அவருடைய காது முழுவதும் சொல்லுக்குப் போகிறது, இரண்டாம் அடி முடிவதற்குள் அவரும் சேர்ந்து பாடிவிட முடிகிறது, அன்றிரவே வீட்டுக்குப் போய்த் தம் சொற்களை அதே மெட்டில் வைத்துப் பார்க்கவும் முடிகிறது. மூன்று கார்டும் உண்மையும் என்று நாஷ்வில் பாடலாசிரியர் ஹார்லன் ஹோவர்டு கன்ட்ரியைப் பற்றிச் சொன்னதாகக் கூறுவார்கள். 1977இன் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பங்க் ரசிகர்கள் தாமே அச்சிட்ட சிற்றிதழ் ஒன்று மூன்று கார்டுகளைப் படமாக வரைந்து காட்டி, போய் ஒரு குழுவைத் தொடங்கு என்று வாசகருக்குக் கட்டளையிட்டது. அதே ஜனவரியில் மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு 500 பவுண்டு கடன் வாங்கித் தாமே வெளியிட்ட இசைத்தட்டின் உறையில், எந்தப் பாட்டு எத்தனையாவது முயற்சியில் பதிவானது, மேற்பதிவு ஏதும் சேர்த்தார்களா இல்லையா என்றெல்லாம் அச்சிட்டிருந்தார்கள். வாங்கியவர் தாமும் ஒன்றைச் செய்துகொள்ளட்டும் என்பதற்காகத் தொழில் ரகசியத்தை உறையிலேயே போட்டுக் கொடுத்தார்கள் என்றுதான் நான் அதை வாசிக்கிறேன். லொரெட்டா லின்னின் கணவர் 17 டாலருக்கு ஒரு கிட்டார் வாங்கிக் கொடுத்தார். சமையலுக்கும் குழந்தைகளுக்கும் இடையில் அவர் தாமாகவே அதைக் கற்றுக்கொண்டார். கேட்பவருக்கும் பாடுபவருக்கும் நடுவே இவ்வளவு குறைந்த தொலைவை வைத்திருக்கும் இசை எப்படிப் பழையதாகும்?

நான் லீட்ஸில் படித்த காலத்தில் செலவுக்காக ஒரு பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்தேன். என்னோடு வேலை செய்தவர் முன்பு யார்க்‌ஷர் சுரங்கமொன்றில் நிலக்கரி வெட்டியவர். புறங்கையிலும் நெற்றியிலும் நீலக் கோடுகள் இருக்கும். காயம் ஆறும்போது கரித்தூள் தோலுக்கடியில் தங்கிவிடுவதால் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரும் தழும்புகள் அவை. 1984 மார்ச்சில் தொடங்கி ஓராண்டு நீடித்துத் தோற்ற வேலைநிறுத்தத்தைப் பற்றி நான் எத்தனை முறை கேட்டும் அவர் வாய் திறந்ததில்லை. ஆனால் ஹேங்க் வில்லியம்ஸின் கேசட் ஒன்றை இரவு முழுவதும் திருப்பித் திருப்பிப் போடுவார். சன்னலுக்கு வெளியே வாடிக்கையாளர் பணத்தோடு நின்றாலும், பாட்டில் அவருக்குப் பிடித்த அடி வந்துவிட்டால் நீலக்கோடு ஓடிய அந்தக் கையை உயர்த்தி அவரை நிறுத்திவிடுவார். அடி முடிந்த பிறகுதான் மீதிச் சில்லறை போகும். கோபித்துக்கொண்டவர்கள் உண்டு, அவர் பொருட்படுத்தியதில்லை.

அவருக்கு நான் த மீகான்ஸ் குழுவின் 1985ஆம் ஆண்டு இசைத்தட்டான 'ஃபியர் அண்ட் விஸ்கி'யைப் போட்டுக் காட்டினேன். உங்களைக் குழப்பிய அதே லீட்ஸ் குழுதான். 1977இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஓவிய மாணவர்கள், வேறொரு குழுவின் கருவிகளை இரவல் வாங்கித் தொடங்கியது அது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஏறக்குறைய ஓய்ந்துபோயிருந்தவர்கள், சுரங்கத் தொழிலாளர்களுக்கு நிதி திரட்டும் கச்சேரிகளுக்காக மீண்டும் கூடினார்கள். திரும்பி வந்தபோது அவர்களிடம் வயலின் இருந்தது, ஹேங்க் வில்லியம்ஸ் இருந்தார். தோல்வியைப் பாடுவதற்கு பங்க்கின் கோபம் மட்டும் போதவில்லை என்று அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோற்றவர்கள் மறுநாள் காலையில் எழுந்து வேலைக்கோ வேலையில்லாமலோ போவதைப் பாடும் மொழி கன்ட்ரியிடம் அரை நூற்றாண்டாக இருந்தது. என் நண்பர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டார். பாடத் தெரியவில்லை, வாசிக்கவும் தெரியவில்லை என்றார். கடைசிப் பாட்டு வந்ததும் ஒன்றும் சொல்லாமல் ஒலியைக் கூட்டினார். டெக்சஸின் பார்வையற்ற பாடகர் லியான் பெய்ன் எழுதி, 1949இல் ஹேங்க் பதிவுசெய்த பாட்டு அது. முடிந்ததும் இன்னொரு முறை போடச் சொன்னார். பிறகு சன்னலுக்கு வெளியே பார்த்தபடி தம் சுரங்கத்தின் பெயரையும், அது மூடப்பட்ட மாதத்தையும், கடைசி முறை ஒன்றாக மேலேறி வந்தவர்களின் பெயர்களையும் எனக்குச் சொல்லத் தொடங்கினார். விடியும்வரை பேசினார்.

ஃபால்சம் பதிவை நான் திரும்பத் திரும்பக் கேட்பதற்கும் இதுதான் காரணம். அதன் கடைசிப் பாட்டை எழுதியவர் கிளென் ஷெர்லி, ஆயுதமேந்திய கொள்ளைக்காக அதே சிறையில் இருந்தவர். அந்தச் சிறையின் கல்லால் கட்டிய சிற்றாலயத்தைப் பற்றிய பாட்டு. சிறைக்குப் போய்வரும் பாதிரியார் ஒருவர் அதன் ஒலிநாடாவைக் கச்சேரிக்கு முந்தைய இரவு கேஷிடம் கொடுத்தார். கேஷ் அன்றிரவே உட்கார்ந்து பாடம் செய்தார். மறுநாள் முன்வரிசையில் இருந்த ஷெர்லிக்குத் தம் பாட்டு வரப்போவது தெரியாது. இரவில் கற்று மறுநாள் பகலில் ஒரு கூட்டத்தின் முன்னால் பாடுவதற்கு ஏற்றதாக அந்தப் பாட்டு இருந்தது அதன் மூன்று கார்டுகளால்தான். இதை இன்னொரு முறை சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் குறை என்று எண்ணியது இதைத்தான். ஷெர்லி 1971இல் விடுதலையானார், கேஷின் குழுவோடு மேடைகளில் பாடினார், வெளியுலகத்தில் நிலைகொள்ள முடியாமல் 1978இல் தற்கொலை செய்துகொண்டார். இசை அவரைக் காப்பாற்றியது என்று எழுத எனக்கு மனமில்லை, அது நடக்கவும் இல்லை. சிறைக்குள் இருந்த ஒருவர் தம் சொற்களைத் தம் காதால் இன்னொருவர் குரலில் கேட்டார் என்பது நடந்தது.

அந்தப் பாட்டிலிருந்தே தொடங்குங்கள். பிறகு 1927இன் கார்ட்டர் குடும்பப் பதிவுகள், லொரெட்டா லின், ரமோன்ஸின் முதல் தட்டு என்று எந்த வரிசையில் வேண்டுமானாலும் போகலாம். லியான் பெய்னின் பாட்டை மட்டும் ஹேங்க் பாடியதையும் மீகான்ஸ் பாடியதையும் அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள், வேறு வேலை பார்த்துக்கொண்டு கேட்காதீர்கள். குரல் கரகரக்கிறது என்று பாதியில் நிறுத்திவிட்டு எனக்குக் கடிதம் எழுதினால் பதில் போடமாட்டேன். முழுவதும் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்