மருந்து ஆய்வில் சேரலாமா? சிறுநீரக நோயாளிகளின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் தந்தையாருக்கு வயது 61. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர். சிறுநீரக நோய் மூன்றாம் நிலையில் இருப்பதாகச் சொல்லி, ஒரு புதிய மருந்துக்கான ஆய்வில் சேர விருப்பமா என்று மருத்துவர் கேட்டிருக்கிறார். பங்கேற்பவர்களில் பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாத்திரைதான் கிடைக்கும் என்று படிவத்தில் எழுதியிருக்கிறது. நோயாளிக்கு வெறும் மாத்திரையைக் கொடுப்பது ஏமாற்றுவதாகாதா? உரிய சிகிச்சை கிடைக்காமல் போய்விடுமோ என்றும் அஞ்சுகிறோம்.

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. ஆனால், சிறுநீரக நோய்க்கான பெரிய ஆய்வுகளில் வெறும் மாத்திரை மட்டும் கொடுத்து நோயாளியை விட்டுவிடுவதில்லை. இரத்த அழுத்தத்துக்கான மாத்திரை, சர்க்கரைக்கான மருந்து, சிறுநீரில் புரதம் வெளியேறுவதைக் குறைக்கும் லோசார்டன் போன்ற மருந்து என வழக்கமான சிகிச்சை முழுவதையும் இரு பிரிவினரும் பெறுவார்கள். அதற்கு மேல் ஒரு பிரிவினருக்குப் புதிய மருந்தும், மற்றவர்களுக்கு அதே தோற்றமுள்ள வெறும் மாத்திரையும் தரப்படும். யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில் முடிவாகிறது. பெரும்பாலும் மருத்துவருக்கும் அது தெரியாது. இதை முன்கூட்டியே எழுத்தில் சொல்லி ஒப்புதல் பெறுவதால் இது ஏமாற்று ஆகாது. மருந்தைப் பெறுகிறோம் என்ற நம்பிக்கையும், அதைத் தருகிறோம் என்ற மருத்துவரின் ஆர்வமும் முடிவைத் திரித்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

சர்க்கரை நோய்க்கென்று முதலில் வந்த டபாகிளிஃபுளோசின் என்ற மருந்தைப் பற்றி 2020-இல் வெளியான ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். 4,304 சிறுநீரக நோயாளிகள் அதில் பங்கேற்றனர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குச் சர்க்கரை நோய் இல்லை. சிறுநீரகச் செயல்பாடு பாதியாகவோ அதற்கும் கீழோ குறைவது, டயாலிசிஸ் போன்ற நிலையை எட்டுவது, சிறுநீரகம் அல்லது இதயம் சார்ந்த மரணம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள் வெறும் மாத்திரைப் பிரிவில் 14.5 சதவீதம், மருந்துப் பிரிவில் 9.2 சதவீதம். ஆய்வின் தரவுகளை அவ்வப்போது பார்க்கும் தனித்த கண்காணிப்புக் குழு, பலன் தெளிவாகிவிட்டது என்று பரிந்துரைத்ததால் ஆய்வு முன்னதாகவே நிறுத்தப்பட்டது. சர்க்கரைக்கென்று வந்த ஒரு மருந்து சர்க்கரை இல்லாதவரின் சிறுநீரகத்தையும் காக்கிறது என்பது, வெறும் மாத்திரையை ஏற்ற அந்த 2,152 பேர் இல்லாமல் யாருக்கும் உறுதியாகத் தெரிந்திருக்காது.

இருப்பினும், ஆய்வு என்பது உங்கள் தந்தையாருக்கான சிகிச்சை அன்று என்பதை நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். புதிய மருந்து நல்லதா, பயனற்றதா, கெடுதலா என்பது தெரியாததால்தான் ஆய்வே நடக்கிறது. எனவே, கையெழுத்திடும் முன் மருத்துவரிடம் சிலவற்றைத் தயங்காமல் கேளுங்கள். ஆய்வில் சேராவிட்டால் இப்போது கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த சிகிச்சை எது, அதை அவர் ஏற்கெனவே பெறுகிறாரா என்பது முதலாவது. டபாகிளிஃபுளோசின் போன்ற, பயன் உறுதியான மருந்து ஒன்று அவருக்கு ஏற்றதாக இருந்தும் தரப்படாமல் இருக்குமானால், அதைப் பற்றிப் பேசி முடிவு செய்த பிறகே ஆய்வைப் பற்றிப் பேச வேண்டும். ஆய்வுக்காக இப்போதைய மருந்து எதையேனும் சில வாரங்கள் நிறுத்த வேண்டுமா, கெடுதல் நேர்ந்தால் சிகிச்சைச் செலவை யார் ஏற்பார்கள், ஆய்வு முடிந்த பின் மருந்து பயனுள்ளது என்று தெரியவந்தால் அது அவருக்குத் தொடர்ந்து கிடைக்குமா ஆகியவற்றுக்கும் பதில் பெறுங்கள். படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்கவும், குடும்பத்தாருடன் கலந்து பேசவும் அவருக்கு உரிமை உண்டு. உடனே கையெழுத்து வேண்டும் என்று அவசரப்படுத்தினால், அந்த இடத்தில் சேராமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

கேள்வி: ஆய்வில் சேர்ந்து நான்கு வாரங்கள் ஆகின்றன. என் கிரியேட்டினின் 1.8-இலிருந்து 2.0 ஆக ஏறிவிட்டது. மருந்து என் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று பயந்து, மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று எண்ணுகிறேன்.

பதில்: தயவுசெய்து நீங்களாக நிறுத்த வேண்டாம், இன்றே ஆய்வுக் குழுவை அழைத்துச் சொல்லுங்கள். கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் ஒரு கழிவு; வடிகட்டுவது குறைந்தால் இரத்தத்தில் அதன் அளவு ஏறும். சிறுநீரகத்தைக் காக்கும் மருந்துகள் சில, தொடக்க வாரங்களில் கிரியேட்டினினைச் சற்று உயர்த்துவது மருத்துவர்கள் எதிர்பார்க்கும் ஒன்று. நோயுற்ற சிறுநீரகத்தில், மிஞ்சியிருக்கும் வடிகட்டிகள் மிகுந்த அழுத்தத்தில் வேலை செய்து விரைவில் தேய்ந்துபோகின்றன. லோசார்டன் வகை மருந்துகளும் டபாகிளிஃபுளோசின் வகை மருந்துகளும் அந்த அழுத்தத்தைக் குறைக்கின்றன. அதனால் வடிகட்டும் அளவு முதலில் சிறிது இறங்கி, பிறகு ஆண்டுக் கணக்கில் மெதுவாகவே குறைகிறது. லோசார்டன் போன்றவற்றைத் தொடங்கும்போது, முதல் நான்கு வாரங்களில் கிரியேட்டினின் 30 சதவீதத்துக்கு மேல் ஏறாத வரை மருந்தைத் தொடரலாம் என்பதே பொதுவான வழிகாட்டுதல். உங்களுடையது ஏறத்தாழ 11 சதவீதமே ஏறியிருக்கிறது. ஆனாலும் வாந்தி, வயிற்றுப்போக்கு, நீர்ச்சத்துக் குறைவு, வலி மாத்திரை ஆகியவையும் காரணமாக இருக்கக்கூடும் என்பதால், முடிவு செய்ய வேண்டியவர் உங்களை நேரில் பரிசோதிக்கும் மருத்துவரே.

இதன் மறுபக்கத்தையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இதைப் பலரும் அறியாமல் இருப்பது எனக்குக் கவலை தருகிறது. பார்டாக்சலோன் என்ற மருந்து கிரியேட்டினின் கணக்கை நன்றாக்கிக் காட்டியது. நான்காம் நிலைச் சிறுநீரக நோயும் சர்க்கரை நோயும் உள்ள 2,185 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில், வடிகட்டும் அளவு உண்மையிலேயே உயர்ந்தது. ஆனால் இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் அல்லது அதனால் இறந்தவர்கள், வெறும் மாத்திரைப் பிரிவில் 55 பேராக இருக்க, மருந்துப் பிரிவில் 96 பேர் ஆனார்கள். 2012 அக்டோபரில் ஆய்வு நிறுத்தப்பட்டது. இரத்தப் பரிசோதனைத் தாளில் எண் நன்றாக இருந்த காலத்திலேயே நோயாளிகளுக்குத் தீங்கு நேர்ந்துகொண்டிருந்தது. ஆகவே எந்த மருந்தைப் பற்றிக் கேள்விப்பட்டாலும், அது கிரியேட்டினினைக் குறைத்ததா என்பதோடு நிற்காமல், டயாலிசிஸைத் தள்ளிப்போட்டதா, மாரடைப்பையும் மரணத்தையும் குறைத்ததா, நோயாளிகள் எவ்வாறு வாழ்ந்தார்கள் என்பதையும் கேளுங்கள். ஆய்வுத் திட்டத்தில் முதன்மை முடிவாக எதை அளக்கப்போகிறார்கள் என்று எழுதியிருக்கும்; படிவத்தில் நான் முதலில் தேடிப் படிப்பது அந்தப் பகுதியைத்தான்.

கேள்வி: சிறுநீரில் புரதம் குறைவாகப் போகிறது என்று காரணம் சொல்லி என்னை ஆய்வில் சேர்க்க மறுத்துவிட்டார்கள். நோய் குறைவாக இருப்பவருக்கு மருந்து வேண்டாமா?

பதில்: உங்களை ஒதுக்கியதாக எண்ண வேண்டாம். புரதம் அதிகமாக வெளியேறுபவர்களுக்கு நோய் விரைந்து முற்றுவதால், அத்தகையவர்களைச் சேர்த்தால் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே விடை கிடைத்துவிடுகிறது; மெதுவாக முற்றுபவர்களிடம் அதே விடையைப் பெறக் கூடுதல் ஆட்களும் நீண்ட காலமும் வேண்டும். ஆனால் இதில் ஒரு குறை இருப்பதை மறுப்பதற்கில்லை: புரதம் குறைவாகப் போகும் பெருந்திரளான நோயாளிகளைப் பற்றி மருத்துவ உலகம் நெடுங்காலம் ஊகத்தையே நம்பியிருந்தது. டபாகிளிஃபுளோசின் வகையைச் சேர்ந்த எம்பாகிளிஃபுளோசின் என்ற மருந்தை வைத்து 6,609 பேரிடம் நடந்த ஆய்வு இந்த நிலையை ஓரளவு மாற்றியது. வடிகட்டும் அளவு நிமிடத்துக்கு 20 மில்லி லிட்டருக்கும் 45 மில்லி லிட்டருக்கும் இடையில் இருந்தவர்களை, புரதம் எவ்வளவு போனாலும் அதில் சேர்த்துக்கொண்டார்கள். உங்கள் நிலைக்கு ஏற்ற வேறு ஆய்வு இருக்கிறதா என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வுப் பதிவுத் தளத்தில் மருத்துவரின் உதவியுடன் தேடிப்பாருங்கள். எங்கும் பதிவு செய்யப்படாத ஆய்வில் மட்டும் சேராதீர்கள்.

கேள்வி: நான் டயாலிசிஸ் செய்துகொண்டிருப்பவள். என்னைப் போன்றவர்களுக்காகவும் ஆய்வுகள் நடக்கின்றனவா? அல்லது எங்கள் காலம் முடிந்துவிட்டது என்று விட்டுவிட்டார்களா?

பதில்: இல்லை அம்மா, அப்படி எண்ண வேண்டாம். நோயைத் தாமதப்படுத்தும் மருந்துகளின் ஆய்வுகளில் பெரும்பாலும் டயாலிசிஸ் நோயாளிகளைச் சேர்ப்பதில்லை என்பது உண்மை. ஆயினும் உங்களுக்கென்று தனியாக ஆய்வு நடப்பது மிகவும் அவசியம் என்பதற்குச் சான்று உண்டு. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை மாரடைப்பைக் குறைக்கிறது என்று மற்ற நோயாளிகளிடம் தெளிவாக நிறுவப்பட்டிருந்தும், சர்க்கரை நோயுடன் டயாலிசிஸ் செய்துகொள்ளும் 1,255 பேரிடம் அதைச் சோதித்தபோது எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. அந்த முடிவு 2005-இல் வெளியானது. 2010-இல் வெளியான இன்னொரு ஆய்வில், டயாலிசிஸை முன்கூட்டியே தொடங்கினால் ஆயுள் கூடுமா என்று ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 828 பேரிடம் பார்த்தார்கள், கூடவில்லை. உடல் அறிகுறிகளைக் கவனித்துக் காத்திருக்கலாம் என்ற துணிவு மருத்துவர்களுக்கு அதனால்தான் வந்தது. உங்கள் டயாலிசிஸ் மையத்து மருத்துவரிடம், அரிப்பு, களைப்பு, இரத்தக்குழாய் இணைப்பு அடைத்துப்போவது போன்ற, நீங்கள் அன்றாடம் படும் தொல்லைகள் பற்றிய ஆய்வுகள் உள்ளனவா என்று கேளுங்கள்.

கேள்வி: பாதியில் விலகினால் மருத்துவர் கோபித்துக்கொள்வாரோ? நான் ரகசியமாக ஒரு மூலிகைக் கஷாயமும் குடித்துவருகிறேன், சொல்ல வேண்டுமா?

பதில்: எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே விலகலாம், அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது. மாத்திரையை மட்டும் நிறுத்திவிட்டு, பரிசோதனைக்கு வந்து போவதைத் தொடரவும் முடியும். அந்தத் தகவலும் ஆய்வுக்குப் பயன்படும். கஷாயத்தை அவசியம் சொல்லுங்கள். சில மூலிகைகள் சிறுநீரகத்தையே தாக்கக்கூடியவை. சில, பொட்டாசியத்தை ஏற்றிவிடும். அது தெரியாவிட்டால் கஷாயத்தால் வந்த கெடுதலை மருந்தின் மீது ஏற்றிவிடுவார்கள், உங்களுக்குத் தவறான சிகிச்சையும் நடந்துவிடும். அடுத்த முறை செல்லும்போது அந்தக் கஷாயப் புட்டியையே கையோடு எடுத்துச் சென்று காட்டுங்கள்.