கேள்வி – பதில்: அப்டேட்டோடு வந்த ஆபத்து

கேள்வி: எங்கள் நிறுவனக் கணினிகளின் பாதுகாப்பு பலமாகவே இருக்கிறது. பிறகு ஏன் சப்ளையர்களின் மென்பொருளையும் சோதிக்கச் சொல்கிறார்கள்?

பதில்: பூட்டு உங்கள் கதவில் இருந்தாலும் சாவி பலரிடம் இருக்கிறதே! 2017 ஜூனில், உக்ரைனில் பரவலாகப் புழங்கிய ஒரு கணக்கியல் மென்பொருளின் அப்டேட் வழியாகப் புகுந்த ‘நாட்பெட்யா’ என்ற நாசகார மென்பொருள், மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கணினிகளை முடக்கியதால், துறைமுக வாயில்களில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. சுமார் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது. அதற்கு இன்றியமையாத தரவின் பிரதி, மின்வெட்டால் இணைப்பறுந்து கிடந்த கானா அலுவலகத்தில் மட்டுமே தப்பியிருந்தது. மின்வெட்டுக்கு நன்றி சொன்ன அபூர்வத் தருணம் அது. ஆகவே, சப்ளையருக்கு அளிக்கும் அனுமதியை அவருடைய வேலைக்குத் தேவையான அளவோடு நிறுத்துங்கள். பேக்கப் பிரதி ஒன்றையாவது நெட்வொர்க்கில் இணைக்காமல் தனியே வையுங்கள்.