குள்ளமும் குள்ளனும்

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் உயரம் குறைந்த நண்பர் ஒருவரை எல்லோரும் 'குள்ளன்' என்றுதான் கூப்பிடுவோம். புதிதாகச் சேர்ந்த பெண்மணி ஒருவர் அது தவறு என்று சண்டைக்கு வருகிறார். குள்ளன் நல்ல தமிழ்ச் சொல்தானே? திருக்குறளுக்கே அந்தப் பொருளில்தானே பெயர்? நண்பரும் இதுவரை கோபித்ததில்லை.

பதில்: தமிழ்ச் சொல்தான். நம் வசைகளில் முக்கால்வாசியும் தமிழ்ச் சொற்கள்தாம்.

திருக்குறளை எதற்கு இழுக்கிறீர்கள்? அங்கே குறள் என்பது இரண்டடியில், ஏழு சீரில் முடிகிற வெண்பாவின் பெயர். வெண்பாவுக்கு மனம் நோகாது. அதே சொல்லை மனிதர்மேல் பழந்தமிழ் எப்படிப் போட்டது என்று பார்த்திருந்தால் இந்த வாதத்தை எடுத்திருக்கவே மாட்டீர்கள். புறநானூற்றின் 28ஆம் பாட்டு குறைப்பிறவிகள் என்று எட்டை அடுக்குகிறது. 'கூனும் குறளும்' அந்த வரிசையில் அடுத்தடுத்து நிற்கின்றன. சிலப்பதிகாரத்தில் பாண்டிமாதேவியைச் சூழ்ந்து வரும் ஏவலர் கூட்டத்திலும் அதே ஜோடி.

கலித்தொகை 94 இவற்றைவிடக் கூர்மை. அரண்மனைப் பணியாட்கள் இருவர், ஒரு கூனியும் ஒரு குறளனும். அவன் காதல் பேசுகிறான். அவள் அவன் உயரத்தைக் கிண்டலடிக்கிறாள். அவன் அவள் கூனைச் சொல்லித் திருப்பிக் கொடுக்கிறான். வார்த்தைக்கு வார்த்தை வெட்டிக்கொண்ட பிறகு சமாதானம் ஆகிவிடுகிறது. ஆனாலும் அங்கேயே தழுவிக்கொள்ள முடியவில்லை. பேயும் பேயும் துள்ளுகின்றன என்று அரண்மனையில் பார்ப்பவர்கள் சிரிப்பார்களே, சோலைப் பக்கம் போய்விடலாம் என்று பேச்சு முடிகிறது. தங்களுக்குள் எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொண்டவர்கள்தாம். பயமெல்லாம் பார்த்துச் சிரிக்கிறவர்களை நினைத்து. அந்தப் பாட்டில் நீங்கள் யார் என்று கொஞ்சம் யோசியுங்கள்.

'மாணிக் குறளனே தாலேலோ' என்று பெரியாழ்வாரே பாடவில்லையா என்று அடுத்த கடிதம் வரும். பாடினார். தாய் பாடும் தாலாட்டு அது. தொட்டிலில் கிடப்பவன் உலகத்தை அளந்தவன். உங்கள் அலுவலகத்தில் இரண்டுமே நடப்பதாகத் தெரியவில்லை.

'கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே' என்ற பழமொழியையும் அவர் காதுபட யாராவது சொல்லியிருப்பீர்கள். அதில் இருக்கும் ஒரே ஆதாரம் எதுகை. ஒரு எதுகைக்காகத் திருடனுக்கும் கீழே ஒரு கூட்டத்தைத் தள்ளியிருக்கிறோம்.

குள்ளம் என்ற சொல்லின்மேல் எனக்கு வழக்கு இல்லை. 'கொஞ்சம் குள்ளமாக இருப்பார்' என்று ஆளை அடையாளம் சொன்னால் அது தகவல். இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டமும் குள்ளத்தன்மையைப் பட்டியலில் வைத்திருக்கிறது. மருத்துவ அல்லது மரபணுக் காரணத்தால் வளர்ந்தவரின் உயரம் 147 செ.மீ. அல்லது அதற்குக் கீழே நின்றுவிடுவது என்று வரையறையும் தருகிறது. அங்கே அது ஒரு உடல்நிலையின் பெயர். நீங்கள் 'அன்' விகுதி சேர்த்ததும் ஆளுக்கே அது பெயராகிவிட்டது; அவருடைய படிப்பு, வேலை, குணம் எல்லாம் உயரத்துக்குப் பின்னால் போய்விட்டன. 'குள்ளர்' என்று மரியாதையாகக் கூப்பிடலாமா என்று கேட்டுவிடாதீர்கள். மூடர் என்று எழுதுவதால் மூடனுக்கு மதிப்புக் கூடுவதில்லை.

அவர் கோபித்ததில்லை என்கிறீர்கள். பத்துப் பேர் சிரிக்கிற இடத்தில் தினமும் வேலைக்கு வந்தாக வேண்டியவர் வேறு என்ன செய்வார்? புதிதாக வந்தவருக்கு இது கேட்டதும் உறைத்திருக்கிறது, பழகியவர்களுக்கு உறைக்கவில்லை. போகட்டும், சம்பளப் பட்டியலில் நண்பருக்கு ஒரு பெயர் இருக்குமே. உங்கள் கடிதத்தில் அதைக் காணோம்.