பழைய பி.எஸ்.5 வாங்கலாமா? பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான எஸ்.பி. ரோட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி: மகன் பி.யூ.சி. முடித்துவிட்டு பி.எஸ்.5 (சோனியின் பிளேஸ்டேஷன் 5 கேம் கன்சோல்) கேட்கிறான். தெரிந்தவர் ஒருவர் மூன்று வருடம் ஓடிய டிஸ்க் மாடலைத் தருகிறார். இன்னொருவரிடம் டிஸ்க் போட முடியாத டிஜிட்டல் மாடல் அதைவிட மலிவாகக் கிடைக்கிறது. எதை வாங்கலாம்? - வாசகி, அல்சூர்

பதில்: டிஸ்க் மாடலையே வாங்குங்கள். டிஜிட்டலில் இன்று மிச்சமாகும் பணம் இரண்டு மூன்று கேம் வாங்குவதற்குள் கரைந்துவிடும். டிஸ்க்கை ஆடி முடித்ததும் விற்கலாம், நண்பனோடு மாற்றிக்கொள்ளலாம். ஆன்லைன் ஸ்டோரில் வாங்கிய கேமை வேறு யாருக்கும் கைமாற்ற முடியாது. வாங்கி 14 நாளுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்தான், ஆனால் டவுன்லோடைத் தொடங்கிவிட்டால் அதுவும் கிடையாது. டிஜிட்டலிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. அது புதிய ஸ்லிம் மாடலாக இருந்தால் பின்னால் தனியாக டிஸ்க் டிரைவ் வாங்கி மாட்டலாம், முதல் தடவை இணைக்கும்போது மட்டும் இன்டர்நெட் வேண்டும். பழைய பெரிய டிஜிட்டலில் அந்த வழியே இல்லை.

பார்க்கப் போகும்போது முதலில் லேபிளைப் படியுங்கள். சி.எஃப்.ஐ-1208ஏ என்று இருந்தால் 08 இந்தியாவுக்கு வந்தது, கடைசி எழுத்து ஏ என்றால் டிஸ்க், பி என்றால் டிஜிட்டல். 15 என்று இருந்தால் அமெரிக்க மாடல். மூன்று வருடம் ஆன பெட்டிக்கு வாரண்டி எப்படியும் முடிந்திருக்கும் என்பதால் எந்த நாட்டு மாடல் என்று ரொம்பக் கவலைப்பட வேண்டாம். பி.எஸ்.5 டிஸ்க்குகளுக்கு நாட்டுப் பூட்டும் கிடையாது. வெளிநாட்டு டிஸ்க்குக்குக் கூடுதல் பகுதிகள் (டி.எல்.சி.) வாங்கும்போதுதான் சிக்கல். உங்கள் அக்கவுண்டின் நாடும் டிஸ்க்கின் நாடும் ஒன்றாக இல்லாவிட்டால் அவை வேலை செய்யாது.

பணம் கொடுப்பதற்கு முன் அரை மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் டிஸ்க் ஒன்றைப் போட்டு, வெளியே எடுத்து, மறுபடி போடுங்கள். பெரிய மாடலில் டிஸ்க் டிரைவின் சர்க்யூட் போர்டு அந்த மதர்போர்டோடு ஜோடி சேர்க்கப்பட்டது. வேறு பெட்டியின் டிரைவை போர்டோடு எடுத்து யாராவது மாட்டியிருந்தால் டிஸ்க் படிக்கவே படிக்காது. அடுத்து டி.வி. கேபிள் செருகும் எச்.டி.எம்.ஐ. போர்ட். டார்ச் அடித்து உள்ளே பின் எதுவும் வளைந்திருக்கிறதா பாருங்கள், ஓடும்போது கேபிளை லேசாக அசையுங்கள். படம் வெட்டினால் வேண்டாம். சுவரோடு ஒட்டி வைத்த பெட்டிகளில் சாதாரணமாக வரும் கோளாறு இது.

கிராஃபிக்ஸ் கனமான பி.எஸ்.5 கேம் ஒன்றை இருபது நிமிடமாவது விடாமல் ஓட்டுங்கள். ஃபேன் அலறினால் பெரும்பாலும் தூசுதான், பக்கவாட்டு மூடியைக் கழற்றி இரண்டு தூசுத் துளைகளிலும் வேக்யூம் வைத்தால் தீரும். ஆனால் சூடாகி அணைந்தால் விட்டுவிடுங்கள். இதன் பிராசசருக்கும் ஹீட் சிங்க்குக்கும் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) நடுவே பேஸ்ட் கிடையாது, திரவ உலோகம் இருக்கிறது. பழக்கமில்லாதவர் திறந்து மூடியிருந்தால் அது சீராகப் பரவாமல் போயிருக்கும், சரிசெய்வது எல்லா மெக்கானிக்காலும் ஆகாது.

மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டு மகனின் அக்கவுண்டில் லாகின் செய்துபாருங்கள். தடை செய்யப்பட்ட கன்சோல் என்றால் யார் அக்கவுண்டிலும் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்குக்குள் போகாது. கடைசியாக, விற்பவர் தன் அக்கவுண்டில் 'கன்சோல் ஷேரிங்'கை அணைத்துவிட்டு, சிஸ்டம் சாஃப்ட்வேருக்குள் உள்ள 'ரீசெட் யுவர் கன்சோல்' கொடுத்து, உங்கள் கண்முன்னே எல்லாவற்றையும் அழிக்கட்டும். பிறகு பணம் கொடுங்கள்.

கேள்வி: பி.எஸ்.5-இல் இடம் போதவில்லை. எஸ்.பி. ரோட்டில் 1 டி.பி. எம்.2 எஸ்.எஸ்.டி. (கேம்களைச் சேமிக்க உள்ளே மாட்டும் டிரைவ்) மலிவாகக் கிடைக்கிறது. போடலாமா? - வாசகர், விவேக் நகர்

பதில்: எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டும். அதே வடிவில் சாட்டா வகையும் வருகிறது, அது பி.எஸ்.5-இல் ஓடாது. பெட்டியில் என்.வி.எம்.இ., பி.சி.ஐ.இ. ஜென் 4 என்று இருக்க வேண்டும். சோனி பரிந்துரைக்கும் வேகம் நொடிக்கு 5,500 எம்.பி. அல்லது அதற்கு மேல். ஜென் 3 டிரைவ் என்ன விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம்.

ஹீட் சிங்க் கட்டாயம். அதோடு சேர்த்து மொத்த உயரம் 11.25 மி.மீ.-ஐத் தாண்டக் கூடாது. கம்ப்யூட்டருக்கென்று விற்கும் கனத்த ஹீட் சிங்க்கை வாங்கிவந்து ஸ்லாட் மூடி மூடாமல் திரும்பிப் போகிறவர்கள் உண்டு. மாட்டும்போது கன்சோலை முழுக்க அணைத்து (ரெஸ்ட் மோட் போதாது) வயரைப் பிடுங்குங்கள். ஸ்லாட்டுக்குள் இருக்கும் ஸ்பேசரை டிரைவின் நீளத்துக்குத் தக்க துளைக்கு மாற்றி, டிரைவைச் சாய்வாகச் செருகி, அழுத்திப் பிடித்து ஸ்க்ரூவை முடுக்குங்கள். திரும்ப ஆன் செய்ததும் ஃபார்மட் கேட்கும், முடிந்ததும் வேகத்தையும் காட்டும். அந்த எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டிரைவைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் கடைக்காரரிடம் காட்டலாம்.

செலவு வேண்டாம் என்றால் யூ.எஸ்.பி. டிரைவ் இருக்கிறது. அதில் பி.எஸ்.4 கேம்களை அப்படியே ஆடலாம். பி.எஸ்.5 கேம்களைச் சேமித்து வைக்கலாம், ஆடுவதற்கு உள்ளே நகர்த்த வேண்டும்.

கேள்வி: கண்ட்ரோலரில் கை வைக்காமலே கேமில் ஆள் நடக்கிறான். புதிதுதான் வாங்க வேண்டுமா? - வாசகர், ஜெயநகர்

பதில்: உடனே வேண்டாம். பின்னால் உள்ள சிறு துளையில் பின்னை விட்டு ஐந்து விநாடி அழுத்தி ரீசெட் செய்து, கண்ட்ரோலர் அப்டேட்டும் போடுங்கள். தீராவிட்டால் ஸ்டிக்குக்குள் இருக்கும், அதன் அசைவை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்திருக்கிறது. ஸ்டிக்கைச் சால்டர் எடுத்து மாற்றலாம். மாற்றிய பிறகு சென்டர் காலிபரேஷனும் (ஸ்டிக்கின் நடுநிலையைச் சரிசெய்வது) செய்து தருவாரா என்று மெக்கானிக்கிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். அது இல்லாமல் புது ஸ்டிக்கும் இழுக்கும்.

கேள்வி: கடையில் வாங்கிய ஹெட்செட் நான்காம் நாளே ஒரு பக்கம் கேட்கவில்லை. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் அச்சிட்டிருப்பதைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். - வாசகர், சிவாஜிநகர்

பதில்: அந்த வரியைக் கண்டு பின்வாங்காதீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிக நடவடிக்கை. பில் கொடுக்காமல் இருப்பதும் அப்படியே. அதனால் ஜி.எஸ்.டி. இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றாலும் பில் வாங்குங்கள், அதில் சீரியல் நம்பரை எழுதச் சொல்லுங்கள்.

இப்போது கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், வாட்ஸ்அப் என்றாலும் சரி. கோளாறை வீடியோ எடுத்துச் சேருங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நீங்களே வாதிடலாம், 2 வருடத்துக்குள் போக வேண்டும். ஆன்லைனில் வெளியூர் விற்பனையாளரிடம் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் பெங்களூரிலேயே புகார் தரலாம்.