அயர்லாந்தில் கத்தோலிக்கக் கோயில்கள் காலியாகிவிட்டன என்கிறார்களே, அங்கே மதத்துக்கும் சமூக நீதிக்கும் இன்னும் ஏதாவது தொடர்பு இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் நான் எதிர்பார்த்த இடத்தில் இல்லை.

நான் குமரி மாவட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். டப்ளினில் செவிலியராக ஏழு வருடமாக வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து கிளம்பியபோது, 'கத்தோலிக்க நாட்டுக்குத்தானே போகிறாள்' என்பதுதான் அம்மாவுக்கு இருந்த ஒரே ஆறுதல். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனேன். அவ்வளவு பெரிய கோயிலில் நாற்பது பேர் இருந்திருப்போம். அதிலும் பாதிப் பேர் கேரளா, பிலிப்பைன்ஸ், நைஜீரியா. பூசை வைத்த ஃபாதரும் இந்தியர்.

கணக்கைப் பார்த்தால் இது இன்னும் கத்தோலிக்க நாடுதான். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 69 சதவீதம் பேர் கத்தோலிக்கர் என்று எழுதியிருக்கிறார்கள். 2016இல் அது 79 சதவீதம். பெரும்பாலான தொடக்கப் பள்ளிகளும் இன்றுவரை சர்ச்சின் பொறுப்பில்தான் நடக்கின்றன. அப்புறம் ஏன் கோயில் காலி என்று கேட்டால், இங்கே யாரும் 'நாகரிகம் வளர்ந்துவிட்டது' என்று சொல்வதில்லை. ட்யூவம் என்ற ஊரின் பெயரைச் சொல்வார்கள்.

கால்வே மாவட்டத்தில் இருக்கும் சிறு ஊர் அது. கல்யாணமாகாமல் கர்ப்பமான பெண்களை வைத்திருக்க 1925 முதல் 1961 வரை அங்கே ஓர் இல்லம் இருந்தது. நடத்தியவர்கள் கன்னியாஸ்திரீகள். கேத்தரின் கோர்லஸ் என்ற உள்ளூர்ப் பெண்மணி, அங்கே இறந்த குழந்தைகளின் இறப்புச் சான்றுகளைப் பொறுமையாகத் தேடிச் சேர்த்தார். 796 குழந்தைகள். எங்கே புதைத்தார்கள் என்பதற்கான பதிவு அநேகமாக யாருக்குமே இல்லை. கழிவுநீர்த் தொட்டியோடு தொடர்புடைய நிலத்தடி அறைகளில் குழந்தைகளின் எலும்புகள் இருப்பதை 2017இல் விசாரணை ஆணையம் உறுதி செய்தது. 2025 ஜூலையில்தான் முழு அகழ்வு தொடங்கியது.

கோர்லஸ் சொன்ன ஒரு சின்ன விஷயம் என் மனதை விட்டுப் போகவில்லை. சிறு வயதில், பள்ளியில், காலி மிட்டாய்த் தாளை மிட்டாய் மாதிரி மடித்து, அந்த இல்லத்துச் சிறுமி ஒருத்தியிடம் விளையாட்டாகக் கொடுத்து ஏமாற்றினாராம். பெரியவரான பிறகும் அது அவரை உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. வயதான காலத்தில் ஒரு பெண்மணி இவ்வளவு பாடுபட்டதற்குப் பின்னால் அந்த உறுத்தலும் இருக்கிறது. ஒரு மிட்டாய்த் தாள்!

என் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு எண்பது வயதிருக்கும். சர்ச் நடத்திய விடுதிப் பள்ளிகளில் குழந்தைகள் அடிபட்டதும் சீரழிக்கப்பட்டதும் 2009இல் ரயன் அறிக்கையாக வெளிவந்தபோது, ஞாயிறு பூசைக்குப் போவதை நிறுத்திவிட்டார். பாதிக்கப்பட்டவர்களின் நஷ்டஈட்டுக்காக 2002இல் துறவற சபைகள் தர ஒத்துக்கொண்டது 12.8 கோடி யூரோ. மொத்தச் செலவு 150 கோடியைத் தொட்டது. மீதியில் பெரும்பகுதி மக்கள் வரிப்பணம். அதைப் பற்றிப் பேசினால் இன்றும் அவர் குரல் நடுங்கும்.

ஆனால் மாலை ஆறு மணிக்கு அவர் வீட்டில் இருந்து பார்க்க வேண்டும். செய்திக்கு முன்னால் அரசுத் தொலைக்காட்சியில் மூவேளை செப மணி அடிக்கும். நம் ஊர்க் கோயிலில் அடிக்கிற அதே மணி. கையில் டீ கப் இருந்தால் கீழே வைத்துவிடுவார். பேசிக்கொண்டிருந்தால் பாதி வாக்கியத்தில் நின்றுவிடும். அந்த ஒரு நிமிடம் நான் மனதுக்குள் 'ஆண்டவரின் தூதர் மரியாவுக்குத் தூதுரைத்தார்' என்று தமிழில் சொல்லிக்கொள்வேன். அவர் என்ன சொல்லிக்கொள்கிறார் என்று நான் கேட்டதில்லை. தவக்காலம் வந்தால் அவர் ஜன்னலோரம் ட்ரோகரா அட்டைப்பெட்டி ஏறிவிடும். ஏழை நாடுகளுக்கு உதவ ஆயர்கள் 1973இல் தொடங்கிய அமைப்பு அது. கோயிலுக்குப் போகாதவர் வீட்டில் கோயில் உண்டியல்!

இந்த மக்களின் கோபத்தை நான் இப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறேன்: மறைக்கல்வி வகுப்பில் படித்ததை அவர்கள் சர்ச்சிடமே திருப்பிக் கேட்டார்கள்.

அதனால்தான் சர்ச் மேல் இவ்வளவு கோபம் இருந்தும் சில துறவிகளை எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். கப்புச்சின் சபையின் பிரதர் கெவின் க்ரௌலி 1969இல் டப்ளின் போ ஸ்ட்ரீட்டில் பசித்தவர்களுக்குச் சோறு போட ஆரம்பித்தார். 2025இல் அவர் காலமானபோது கடவுள் நம்பிக்கை இல்லாத என் சக ஊழியர்கூடக் கண் கலங்கினார். பாட்டியோடு டயப்பர் பைகளைக் கொடுக்க அங்கே ஒருமுறை போயிருந்தேன். கோட் போட்ட ஆள், தள்ளுவண்டியில் கைக்குழந்தையோடு ஒரு பெண், தூக்கப்பையை முதுகில் கட்டிய இளைஞன், எல்லோரும் வந்துகொண்டிருந்தார்கள். நீ யார், எந்த மதம், ஏன் இந்த நிலைமை என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. ட்யூவத்தில் அந்தப் பெண்களிடம் கேட்ட கேள்விகள் எதுவும் இங்கே இல்லை.

சோறு போடுவது மட்டும் நீதியாகிவிடாது என்பதும் இங்குள்ளவர்களுக்குத் தெரியும். இயேசு சபையின் ஃபாதர் பீட்டர் மெக்வெரி, வீட்டு வசதிக் கொள்கைக்காகப் பல வருடங்களாக அரசாங்கங்களோடு மல்லுக்கட்டுகிறார். சிஸ்டர் ஸ்டானிஸ்லாஸ் கென்னடி 1985இல் தொடங்கியதுதான் வீடற்றோருக்கான ஃபோகஸ் அயர்லாந்து. அப்படியும் 2025இல் அவசரத் தங்குமிடங்களில் இருந்தவர்கள் 16,000ஐத் தாண்டினார்கள். அதில் 5,000க்கும் மேல் குழந்தைகள். இவ்வளவு வசதியான நாட்டில் இது பெரிய அநியாயம். இதை அநியாயம் என்று பளிச்சென்று சொல்கிறவர்களில் மேடை ஏறும் அரசியல்வாதிகளைவிட இந்தத் துறவிகளைத்தான் நான் நம்புகிறேன்.

2025 ஆகஸ்டில் டப்ளினில் இந்தியர்களைத் தாக்கும் சம்பவங்கள் தொடர்ந்து நடந்தன. கவனமாக இருக்கும்படி இந்தியத் தூதரகமே அறிவிப்பு வெளியிட்டது. எனக்குக் காலை ஷிஃப்ட். விடியும் முன்னே பஸ் நிறுத்தத்துக்குப் பத்து நிமிடம் தனியாக நடக்க வேண்டும். அந்த வாரம் கதவைத் திறந்தால் பாட்டி கோட் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார், கையில் கைத்தடி. "எனக்கும் கொஞ்சம் நடக்க வேண்டும்" என்றார். பஸ் வந்து நான் ஏறி உட்கார்ந்து கை காட்டும்வரை அங்கேயே நின்றார். மூன்று வாரம், ஒரு நாள் தவறாமல்.