முதல் மெயில் சர்வர்: என்ன மெஷின், என்ன மென்பொருள்?

கேள்வி: சார், பத்து பேர் இருக்கும் அலுவலகம். சொந்தமாக லினக்ஸ் மெயில் சர்வர் வைக்க ஆசை. எவ்வளவு ராம், என்ன பிராசஸர் வாங்கலாம்?

பதில்: எல்லோரும் இங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். பத்து பேர் மெயிலுக்கு எந்த பிராசஸரும் போதும். மெயிலை அனுப்பி வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸ், அதைப் பெட்டியில் வைத்து நமக்குக் காட்டும் டவ்காட் இரண்டும் 2 ஜிபி ராமிலேயே சும்மா உட்கார்ந்திருக்கும். ராமைத் தின்பது வைரஸ் தேடும் கிளாம்ஏவிதான், வைரஸ் பட்டியல் முழுவதையும் நினைவகத்தில் ஏற்றி வைப்பதால் அது ஒன்றே 1 ஜிபிக்கு மேல் கேட்கும். 4 ஜிபி வைத்துக்கொள்ளுங்கள். மிச்சக் காசுக்கு இரண்டு எஸ்எஸ்டி வாங்கி ரெய்டு 1 (ஒன்றில் எழுதுவதை இன்னொன்றிலும் அப்படியே எழுதும் ஏற்பாடு) போடுங்கள், பேக்கப் மட்டும் வேறு இடத்தில் இருக்கட்டும். தவறுதலாக அழித்த மெயிலை ரெய்டு இரண்டு டிஸ்க்கிலும் சமர்த்தாக அழித்துவிடும்.

கேள்வி: அண்ணா, வீட்டில் பழைய டெஸ்க்டாப் சும்மா கிடக்கிறது, ஃபைபர் இணைப்பும் இருக்கிறது. அதிலேயே ஓட்டலாமா?

பதில்: மெஷின் ஓடும், மெயில் போய்ச் சேராது. வீட்டு இணைப்புகளில் சர்வர்கள் மெயில் பரிமாறும் வாசலான 25ஆம் போர்ட்டை, வெளியே போகும் பக்கம், பெரும்பாலும் அடைத்து வைத்திருப்பார்கள். திறந்திருந்தாலும் வீட்டு ஐபிகள் ஸ்பாம்ஹாஸ் என்ற ஸ்பாம் தடுப்பு அமைப்பின் பிபிஎல் பட்டியலில் (நேரடியாக மெயில் அனுப்பக் கூடாத ஐபிகளின் பட்டியல்) இருக்க வாய்ப்பு அதிகம், அதைப் பார்த்தே பல சர்வர்கள் கதவைச் சாத்திவிடும். அதனால் விபிஎஸ் (வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் சர்வர்) எடுங்கள், ஆனால் பணம் கட்டும் முன் 25 திறந்திருக்கிறதா, ஐபிக்கு நம் பெயரில் பிடிஆர் (ஐபியைக் கொடுத்தால் பெயரைச் சொல்லும் டிஎன்எஸ் பதிவு) வைக்க முடியுமா என்று கேட்டுவிடுங்கள். நான் முதலில் மலிவாகக் கிடைத்ததே என்று ஒன்றை எடுத்தேன். எனக்கு முன்னால் அந்த ஐபியில் குடியிருந்தவர் ஸ்பாம் அனுப்பிய ஆசாமி போலிருக்கிறது, லாக்கைத் திறந்தால் வரிக்கு வரி 550, அதாவது மெயிலை ஏற்க மாட்டேன் என்ற பதில். இரண்டு வாரம் கான்ஃபிக்கை மாற்றி மாற்றிப் பார்த்து மண்டை காய்ந்த பிறகுதான் ஐபியைத் தேடிப் பார்க்கவே தோன்றியது.

கேள்வி: மெயிலை அனுப்பி வாங்கும் மென்பொருளில் எக்ஸிம், சென்ட்மெயில், போஸ்ட்ஃபிக்ஸ், எது?

பதில்: போஸ்ட்ஃபிக்ஸ். எக்ஸிம் மோசமில்லை, 1995இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிறந்தது, டெபியன் லினக்ஸில் இயல்பான தேர்வும் அதுதான். ஆனால் அதன் கான்ஃபிக் தனி மொழி மாதிரி. சென்ட்மெயில் இப்போது புதிதாகக் கற்க வேண்டியதில்லை.

கேள்வி: மெயில்கவ் மாதிரி ரெடிமேடாக ஒன்றைப் போட்டால் வேலை முடிந்ததே?

பதில்: முடியும், டாக்கரில் (மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டியாக ஓட்டும் கருவி) எல்லாம் சேர்ந்தே வரும், அதற்கு 6 ஜிபி ராம் கேட்கிறார்கள். ஒருமுறையாவது போஸ்ட்ஃபிக்ஸையும் டவ்காட்டையும் கையால் கட்டிப் பார்த்துவிட்டு அங்கே போங்கள் என்பது என் கட்சி. இல்லையென்றால் நின்றுபோகும் நாளில் எந்தப் பெட்டியைத் திறப்பது என்றே தெரியாது.

கேள்வி: எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் எல்லாம் சின்ன அலுவலகத்துக்கும் தேவையா?

பதில்: மெயில் உண்மையிலேயே நம்மிடமிருந்துதான் வந்தது என்று காட்டுபவை இவை. எஸ்பிஎஃப் எந்த சர்வர் அனுப்பலாம் என்று சொல்லும், டிகிம் மெயிலில் கையெழுத்துப் போடும், இவற்றில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று டிமார்க் சொல்லும். மூன்றையும் போடுங்கள், டிஎன்எஸ்ஸில் மூன்று டிஎக்ஸ்டி (வெறும் எழுத்துப்) பதிவு, அவ்வளவுதான். டிகிமுக்குக் கையெழுத்துப் போடும் வேலையை ஆர்ஸ்பாம்டி என்ற மென்பொருள் பார்த்துக்கொள்ளும், ஸ்பாம் வடிகட்டுவதும் அதுவே. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு யார் அனுப்பினாலும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் ஒன்றாவது வேண்டும், பிடிஆரும் வேண்டும்.

கேள்வி: சர்வர் ராத்திரி முழுக்க நின்றுபோனால் வந்த மெயில் எல்லாம் போச்சா சார்?

பதில்: போகாது. அனுப்பியவரின் சர்வர் வரிசையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும், போஸ்ட்ஃபிக்ஸ் என்றால் இயல்பாக 5 நாள். காலையில் காபி குடித்துவிட்டே எழுப்புங்கள்.