இயற்கணித வாக்கியக் கணக்குகள்: கேள்வி பதில்

கேள்வி: "ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஆறு மாணவர்கள்" என்பதை 6மா = ஆ என்று எழுதினேன். ஏன் தவறு?

பதில்: இந்த இடத்தில் தடுக்கியவர்கள் ஏராளம். ஜான் கிளெமென்ட் முதலியோர் 1981-இல் வெளியிட்ட ஆய்வில், இதே உறவைச் சமன்பாடாக்கச் சொன்னபோது முதலாண்டுப் பொறியியல் மாணவர்களிலேயே மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் தவறினார்கள். 'மா' என்பதை மாணவர் என்ற பெயரின் சுருக்கமாகப் படிப்பதால் வரும் பிழை இது. அந்த எழுத்து ஆட்களை அல்ல, அவர்களின் எண்ணிக்கையைக் குறிக்கிறது. ஆசிரியர் 10 பேர் என்றால் மாணவர் 60 பேர்; உங்கள் சமன்பாட்டில் இட்டால் 360 = 10 என்று வரும். சரியானது மா = 6ஆ. சமன்பாட்டுக்கு முன், எந்த எழுத்து எந்த எண்ணிக்கையைக் குறிக்கிறது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

கேள்வி: 'அதிகம்' என்றால் கூட்டல், 'குறைவு' என்றால் கழித்தல் என்ற பட்டியலை மனப்பாடம் செய்யலாமா?

பதில்: வேண்டாம். "முதல் பெட்டியில் 15 பந்துகள், இது இரண்டாம் பெட்டியில் உள்ளதைவிட 4 அதிகம்" என்ற கணக்கில் 'அதிகம்' இருக்கிறது, ஆனால் இரண்டாம் பெட்டியில் இருப்பவை 11.

கேள்வி: போகும்போது மணிக்கு 60 கி.மீ., அதே வழியில் திரும்பும்போது 40. சராசரி 50 தானே?

பதில்: இல்லை, 48. மொத்தத் தொலைவை மொத்த நேரத்தால் வகுங்கள்.

கேள்வி: கொள்குறி வினாக்களில் விடைகளை ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்தால் போதுமே, சமன்பாடு எதற்கு?

இன்னொருவர்: அது ஊகம், கணிதம் ஆகாது.

பதில்: இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். இட்டுப் பார்ப்பது ஊகம் அல்ல. கணக்கின் நிபந்தனைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதால் அதுவும் முறையான வழியே. தந்தையின் வயது மகனுடையதைப் போல மூன்று மடங்கு, 12 ஆண்டுகளில் இரண்டு மடங்கு ஆகும். மகனின் வயது 8, 10, 12, 14, 16 இவற்றுள் எது? நடுவில் உள்ள 12-ஐ எடுத்தால் இன்று 12, 36. பின்னர் 24, 48. பொருந்திவிட்டது. பொருந்தாவிட்டாலும், விடை பெரியதா சிறியதா என்று தெரிந்தால் ஒரே சோதனையில் மூன்று விடைகள் கழியும். ஆனால் விடைகள் எழுத்துக்களில் அமைந்தாலோ, விடையை நீங்களே எழுத வேண்டியிருந்தாலோ இந்த வழி அப்படியே உதவாது. சமன்பாடு அமைக்கத் தெரிந்தவருக்கு இது நேரத்தை மிச்சப்படுத்தும். தெரியாதவர் அங்கேயே நின்றுவிடுவார்.

கேள்வி: முக்கியச் சொற்களின் பட்டியல் கிடைக்குமா?

பதில்: மேலே உள்ள பந்துக் கணக்கை மீண்டும் படியுங்கள்.

கேள்வி: வயதுக் கணக்குக்குக் குறுக்கு வழி?

பதில்: வயது வித்தியாசம் என்றும் மாறாது. அதற்குமேல் குறுக்கு வழி தேடாமல், எழுத்து எதைக் குறிக்கிறது என்று முதலில் எழுதுங்கள்.

கேள்வி: சமன்பாடு சரி, தீர்வும் சரி, மதிப்பெண் மட்டும் இல்லை.

பதில்: மகனின் வயதைக் கண்டுபிடித்துவிட்டு, தந்தையின் வயதைக் கேட்ட வினாவுக்கு அதையே குறித்திருப்பீர்கள். அந்த இடைவிடையும் கொடுக்கப்பட்ட விடைகளில் ஒன்றாகவே வைக்கப்பட்டிருக்கும் என்பதால், விடையைக் குறிக்கும் முன் வினாவின் கடைசி வாக்கியத்தை மறுபடி படியுங்கள்.